செப்டம்பர் தாள்

ரப்பர் புதிது. மேல் காகிதத்தைப் பாதிதான் உரித்திருக்கிறாள். இதைக்கூட என் மேசையில் தேட வேண்டாமென்று புஷ்பலீலா கையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அவளுக்கு எப்போதும் அப்படி ஒரு முன்யோசனை, நர்சிங் ஸ்கூலில் படிக்கும்போதே பரீட்சைக்கு எனக்கும் சேர்த்து இரண்டு பேனா எடுத்து வருவாள், இப்போது மேட்ரன், இப்போதும் எனக்கும் சேர்த்தே எடுத்து வருகிறாள். மணி இரண்டு பத்து. மூன்றரைக்கு விசாரணைக் கமிட்டி கீழே உட்காருகிறது. அதற்குள் செப்டம்பர் மாத டூட்டி லிஸ்ட்டில் மாதேஸ்வரி பெயருக்கு நேரே நாலாம் தேதியிலிருந்து பதினாலாம் தேதி வரை பதினோரு கட்டங்களை அழித்து, ஒவ்வொன்றிலும் "ஊசி" என்று எழுத வேண்டும். ஊசி என்றால் ஊசி அறை. ஊசி அறை என்றால் தூக்குவது கிடையாது, புரட்டுவது கிடையாது, உட்கார்ந்து பார்க்கிற வேலை. கர்ப்பமாக இருக்கிறேன், இலகுவான வேலை கொடுங்கள் என்று கேட்டேன், கொடுக்கவில்லை, கரு கலைந்துவிட்டது என்று அந்தப் பெண் மேலிடத்துக்கு மனு கொடுத்திருக்கிறாள். கொடுத்தோம் என்று தாள் சொல்ல வேண்டும். "ஏட்டி ஞானம், ஒரே ஒரு தாளுதானட்டி. நீ என்ன புதுசாவா எழுதப்போற? மே மாசம் ரிட்டயர் ஆகப்போறவ. கடைசி நேரத்துல ஒரு சார்ஜ் மெமோ வாங்கிட்டுப் போவணுமா?" மெதுவாகத்தான் சொன்னாள், என் தோளைத் தொட்டுத்தான் சொன்னாள், தொட்ட கையில் டெட்டால் வாசனை. போகும்போது திரும்பி, "அந்தப் புள்ளைக்கு மார்ச்சுல கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும், பொய் மனு குடுத்தவளுக்கு யாரு புதுப்பிப்பா, அதை அது யோசிச்சிருக்கணும்" என்றாள். பொய் மனு. இன்னும் நான் ரப்பரைத் தொடவேயில்லை, அதற்குள் அது பொய் மனு ஆகிவிட்டது.

தாள் என் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது. மேசைக் கண்ணாடியைத் தூக்கி உருவ வேண்டும். இரண்டு முழுத்தாளை ஒட்டிச் சிவப்பு மையில் கோடு போட்டது, என் கைக்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டாலும் இப்போதெல்லாம் கடைசியில் கொஞ்சம் நடுங்கிவிடுகிறது. நிரந்தரம் ஆனவர்கள் பெயர் பேனாவில். கான்ட்ராக்ட் பிள்ளைகள் பெயர் பென்சிலில். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே ஆரம்பித்ததுதான், அவர்களை எந்த நேரமும் வேறு வார்டுக்கு இழுத்துக்கொள்வார்கள், இன்று காய்ச்சல் வார்டு, நாளை முகாம், நாளை மறுநாள் எங்கேயோ தேர்தல் வேலைக்கு முதலுதவிப் பெட்டியோடு. பேனாவில் எழுதினால் தாளெல்லாம் அடித்தலும் திருத்தலுமாக நாறிப்போகும். எனக்குத் தாள் சுத்தமாக இருக்க வேண்டும். மற்ற வார்டு இன்சார்ஜ்கள் வந்து பார்த்து, "ஞானம் சிஸ்டர் லிஸ்ட்டுன்னா கோலம் மாதிரில்லா இருக்கும்" என்பார்கள், அப்புறம் அவர்களும் பென்சிலுக்கு மாறினார்கள். ஆஸ்பத்திரி முழுக்க இப்போது அப்படித்தான். ஏழெட்டு வருடமாகப் பென்சிலிலேயே வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அழிப்பதற்கு எவ்வளவு வசதி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லையா. தோன்றித்தானே எழுதினேன். சுத்தம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் டக்கென்கிறது. அதற்கு ஊடே எடைகளின் சத்தம். ஆர்த்தோ வார்டில் இருபது வருடம் இருந்தவளுக்கு அது சத்தமே இல்லை, காலில் கம்பி செருகி, கயிறு கட்டி, கட்டில் காலுக்கு வெளியே தொங்கவிட்ட இரும்பு எடைகள், யாராவது அசைந்தால் ஒன்றோடொன்று லேசாக முட்டிக்கொள்ளும், தூரத்துக் கோயில் மாட்டின் கழுத்துமணி போல. ஒன்பதாம் படுக்கை முட்டுகிறது. கொம்பையா. லாரி டிரைவர், தொண்ணூற்றெட்டுக் கிலோ, தொடை எலும்பு இரண்டு இடத்தில் போய் ஆகஸ்டிலிருந்து மல்லாந்து கிடக்கிறார். அவருக்கு முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் தூக்கிச் சாய்த்து, துடைத்து, பவுடர் போட வேண்டும். இரண்டு ஆள் வேலை. "என்ன தாயி, தோசையத் திருப்புத மாதிரி திருப்புதிய, ஒரு பக்கம் வெந்துட்டா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார், ஒவ்வொரு தடவையும் மாதேஸ்வரி சிரிப்பாள். "இன்னும் வேகல தாத்தா, மாவு கெட்டி." தருமபுரிப் பேச்சு. அவள் வீட்டுக்காரன் அங்கே, இவள் இங்கே, நடுவில் ஒரு ராத்திரி முழுக்கப் பஸ். செப்டம்பர் பதினாலு, காலை பத்து மணிக்குத் திருப்பும்போது அவள் என்னைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், ஒரு கை குடுங்க." நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து மாதக் கணக்கெடுப்பு எழுதிக்கொண்டிருந்தேன், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் போனார்கள். தலையைத் தூக்காமல், "ரெண்டு நிமிஷம்மா" என்றேன். இரண்டு நிமிஷம். எழுதி முடித்துத் தலையைத் தூக்கியபோது எடைகள் முட்டிக்கொள்ளும் சத்தம் நின்றிருந்தது, அவள் திருப்பி முடித்திருந்தாள், பவுடர் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள், நெற்றி முழுக்க வேர்வை. சாயங்காலம்தான் ரத்தம். அதனால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும். முதல் மூன்று மாதத்தில் காரணமில்லாமலேயே கலைவது எத்தனையோ உண்டு என்று பிரசவ வார்டு டாக்டரே சொன்னார், எழுதியும் கொடுத்திருக்கிறார், எனக்கும் அது தெரியும், முப்பத்தைந்து வருட நர்ஸுக்குத் தெரியாதா. காரணமில்லாமல். நல்ல வார்த்தை. ஒரு மாதமாக அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கி எழுந்திருக்கிறேன், எழுந்தவுடன் அது கையில் இருப்பதில்லை.

ஊசி அறையில் ஒரே ஒரு நாற்காலி. எங்கள் வார்டிலிருந்து மாதம் ஒருத்தி அங்கே போகலாம். யார் போவது என்பதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன், சேர்ந்த தேதிப்படி வரிசை, யார் வந்து அழுதாலும் மாறாது, அமைச்சர் வீட்டிலிருந்து போன் வந்தாலும் மாறாது, ஒருதரம் வந்தது, மாறவில்லை. ஆஸ்பத்திரியிலேயே என் லிஸ்ட் ஒன்றுதான் பாரபட்சம் இல்லாதது, இதைப் புஷ்பலீலாவே பத்துப் பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள். செப்டம்பர், செண்பகவல்லியின் முறை. நிரந்தர நர்ஸ், ஐம்பத்து மூன்று வயது, பேனாவில் "ஊசி" என்று மாதம் முழுக்க எழுதியாகிவிட்டது. மூன்றாம் தேதி மாதேஸ்வரி வந்து இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். சத்தமில்லாமல், யாருக்கும் கேட்காமல், "சிஸ்டர், எனக்கு ஒன்பது வாரம். போன வருசம் ஒண்ணு தங்கல. ஒரு ரெண்டு மாசம் மட்டும் தூக்காத எடத்துல போடுங்க சிஸ்டர்." பார்ப்போம் என்றேன். அவள் போனாள். நல்லவள், கூடுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை, அழவுமில்லை. அழுதிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, இல்லை, அழுதிருந்தால் அதையே சாக்காக வைத்து மறுத்திருப்பேன். அன்று சாயங்காலம் செண்பகவல்லியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சேலையை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். வீங்கி, தோல் பளபளத்து, தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது முட்டு. "எட்டு மாசமா இந்த முறைக்குத்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கேன் சிஸ்டர். புள்ளத்தாச்சிக்கு ஒரு நியாயம், முட்டுவலிக்காரிக்கு ஒரு நியாயமா? நான் ரெண்டு பெத்தவதான். எட்டாம் மாசம் வரைக்கும் இதே கொம்பையா மாதிரி ஆளத் தூக்கினவதான். நம்ம எல்லாரும் பாத்துட்டு வந்ததுதானே." அவள் கெட்டவள் இல்லை. அவள் முட்டும் பொய்யில்லை. மறுநாள் காலை மாதேஸ்வரியிடம் சொல்லிவிட்டேன், "இந்த மாசம் செண்பகம் முறை. உனக்கு டிசம்பர்ல வருது." அவள் தாளைப் பார்த்தாள். "டிசம்பர்ல எனக்கு ஆறு மாசம் ஆயிரும் சிஸ்டர்" என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், நான் ஏதோ கூட்டல் தப்பாகப் போட்டுவிட்டதைப் போல.

இப்போது செண்பகவல்லி பெயர் பேனாவில் இருக்கிறதே, அதே தேதிகளில் ஊசி அறை என்று இருக்கிறதே, ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் எப்படி என்று கமிட்டி கேட்குமே என்று அரை மணி முன்னால் புஷ்பலீலாவிடம் கேட்டேன். புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டதாகக்கூட நினைத்தேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "ரெண்டு பேரு இருந்தாகன்னு இருக்கட்டும். அங்க கூட்டத்தப் பாத்திருக்கியா நீ? ரெண்டு பேரு என்ன, மூணு பேருக்கே வேல கெடக்கு. ஒரு ஸ்டூலப் போட்டா ஆச்சு." ஒரு ஸ்டூலைப் போட்டால் ஆச்சு. அவள் போன பிறகும் அந்த வார்த்தை இந்த மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவேயில்லை. சேர்ந்த தேதிப்படி வரிசை போட்டேன், எட்டு மாதம் முன்னாலேயே போட்டேன், ஒவ்வொருத்தியையும் ஒரே தராசில் வைத்தேன், முழங்காலையும் வயிற்றையும் நிறுத்து நிறுத்துப் பார்த்தேன், ஆனால் எழுந்து, இருபது படி இறங்கி, இன்னொரு ஸ்டூல் கிடைக்குமா என்று கேட்கவில்லை. உண்மைக்கு ஒரு நாற்காலிதான் இருந்தது. பொய்க்கு உடனே இரண்டாவது வந்துவிட்டது. கேட்டிருந்தால் அப்போது கொடுத்திருப்பாளா. மாட்டாள். ஆள் இல்லை என்றிருப்பாள். மாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும், நான்தான் கேட்கவேயில்லையே.

பாத்துட்டு வந்ததுதானே. செண்பகவல்லி அதைச் சொன்னபோது யாரோ என் பின்கழுத்தில் ஈரக்கையை வைத்தது போல இருந்தது. அதைச் சொல்லி எனக்குக் கொடுத்தவள் வேறு ஒரு மேட்ரன், வேறு ஊர், தொண்ணூற்றிரண்டாம் வருடம். எனக்கு நாலாம் மாதம். பெண்கள் வார்டில் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் நிமிர்த்தினேன், தள்ளுகிற ஆள் அன்று வரவில்லை. மூன்றாம் நாள் முடிந்துபோயிற்று. எந்தச் சிலிண்டர், எந்தக் கட்டில், அதுகூட ஞாபகம் இருக்கிறது, பச்சைப் பெயின்ட் உரிந்த கட்டில், ஆனால் அந்த நாளில் யார் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பது ஞாபகமில்லை, யாரும் பிடிக்கவில்லையோ என்னவோ. ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனேன். மார்பில் பால் கசிந்து சட்டை நனைந்திருந்தது, நாலு மாதத்துக்குப் பால் வருமா என்று கேட்கிறார்கள், எனக்கு வந்தது, கொஞ்சம், பஞ்சை வைத்துக்கொண்டு ஊசி போட்டேன். அந்த மேட்ரன் என்னை நிறுத்தி, இரக்கமாகத்தான், "வருத்தப்படாத, நாங்க எல்லாம் பாத்துட்டு வந்ததுதான்" என்றாள். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தங்கவில்லை. அதற்கப்புறம்தான் நான் நியாயமானவள் ஆனேன். எல்லோருக்கும் ஒரே பாரம் என்று ஆகிவிட்டால், எனக்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடும். இவ்வளவு காலம் ஸ்கேல் வைத்து நான் போட்ட கோடெல்லாம் அதற்காகத்தானோ. இந்த நினைப்பு வந்தவுடன் அதைத் தள்ளிவிட்டேன். தள்ளத் தள்ள எடைக்கயிறு போலப் பழைய இடத்துக்கே வந்து தொங்குகிறது.

மூன்று ஐந்து. கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுத்தேன். அடியில் ஒரு கரப்பானின் காய்ந்த இறக்கை. ரப்பரை மோந்து பார்த்தேன், முதல் வகுப்பு வாசனை. அழிப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். மெமோ வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ரிட்டயர் ஆகிற அன்றைக்கு மாலையும் மிக்ஸரும் இருக்காது, கோப்பு முடியும்வரை அலைய வேண்டும், தனியாக இருக்கிறவள் கோப்புக்குப் பின்னால் அலைவதைப் பார்த்திருக்கிறேன், படிக்கட்டுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். அந்தப் பயம் உண்மைதான். ஆனால் ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது அதற்காக இல்லை. நாலாம் தேதிக் கட்டத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். இருக்கிறது. மேலே பென்சிலில் "எம்", காலை டூட்டி, ஆர்த்தோ. அதற்கு அடியில், தாளே குழிந்து, மங்கலாக, "ஊசி". நாலிலிருந்து முப்பது வரை ஒவ்வொரு கட்டத்திலும். மூன்றாம் தேதி மாதேஸ்வரி கேட்டுவிட்டுப் போனவுடனேயே எழுதிவிட்டேன். கை அதுபாட்டுக்கு எழுதிவிட்டது. ஒரு மணி நேரம் இந்தத் தாளில் அவள் ஊசி அறையில் உட்கார்ந்திருந்தாள், செண்பகவல்லியும் பக்கத்திலேயே இருந்தாள், இரண்டு பேரும் இருந்தார்கள். அப்புறம் செண்பகவல்லியின் முழங்காலைப் பார்த்தேன், முறையைப் பார்த்தேன், அழித்தேன். இது யாருக்கும் தெரியாது. கொடுக்காதவள் என்று என்னைச் சொல்லட்டும், அது சட்டம், அது முறை, அதில் ஒளிந்துகொள்ளலாம். கொடுத்துவிட்டு எடுத்தவளுக்கு ஒளிய இடம் கிடையாது. புஷ்பலீலா சொன்னபடி இன்று மறுபடி "ஊசி" என்று எழுதினால் அந்தக் குழிவிலேயே எழுத்து வந்து உட்காரும். முதலில் எழுதியதைத்தான் எழுதினேன் என்று சத்தியம்கூடப் பண்ணலாம். இதைவிடச் சுலபமான பொய் யாருக்குக் கிடைக்கும்.

பேனாவை எடுத்தேன். "மாதேஸ்வரி" என்ற பென்சில் எழுத்துக்கு மேலேயே மையை ஓட்டினேன், மா, தே, ஸ், ஒவ்வொரு வளைவாக. அப்புறம் கட்டங்கள். எம். எம். எம். பதினாலு வரை எம். அதற்குப் பிறகு அவள் வரவில்லை, அந்தக் கட்டங்களில் கோடு. தாளின் வலது ஓரத்தில் குறிப்பு என்று ஒரு பத்தி விட்டிருப்பேன், வருடக்கணக்கில் அதில் யாரும் ஒன்றும் எழுதியதில்லை. அதில் எழுதினேன்: "செப்டம்பர் 3 அன்று இலகு பணி கேட்டார். நான் தரவில்லை." கையெழுத்துப் போட்டேன். ஞானசௌந்தரி. அழித்ததைப் பற்றி எழுதவில்லை. இடமில்லை என்று சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது.

கமிட்டி அறை வாசலில் பெஞ்சின் நுனியில் மாதேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். யூனிபார்ம் இல்லாமல் சுடிதாரில் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், பழக்கம், இன்சார்ஜ் வந்தால் எழுந்து நிற்கிற பழக்கம், அதைக்கூட அவள் விடவில்லை. "உக்காரும்மா" என்றேன். உட்காரவில்லை. சுருட்டிய தாளை நீட்டினேன். "உள்ள கூப்பிட்டா இதக் குடு. லிஸ்ட்டு இதுதான்னு சொல்லு. வேற ஏதாவது காட்டினா அது என் கையெழுத்து இல்ல." அவள் பிரித்தாள். தன் பெயரைப் பார்த்தாள். "பேனால எழுதியிருக்கீங்க" என்றாள். குறிப்பைப் படித்தாள், உதடு அசைய, இரண்டு தரம். பிறகு எதற்கென்று தெரியவில்லை, அந்த இடம் இருட்டு, வெளிச்சத்துக்காகத்தான் இருக்கும், தாளை ஜன்னல் பக்கம் தூக்கினாள். அவள் விரல் நாலாம் தேதியில் நின்றது. ஐந்து. ஆறு. விரல் மெதுவாகப் போயிற்று. குருடர்கள் தடவிப் படிப்பது போல. "சிஸ்டர், கீழ ஊசின்னு இருக்கு." நான் சுவரைப் பார்த்தேன், சுவரில் கை கழுவும் முறை, ஏழு படம். "மொதல்ல போட்டிருந்தீங்களா?" என் பக்கம் திரும்பாமல்தான் கேட்டாள். இல்லை என்று சொல்லலாம், வேறு மாதத் தாளின் அச்சு விழுந்திருக்கிறது என்று சொல்லலாம். "ஆமா" என்றேன். "ஒரு மணி நேரம்." திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அவள் தாளைச் சுருட்டினாள், நான் சுருட்டியிருந்ததைவிட நன்றாக, இறுக்கமாக, ஓரம் மடங்காமல். உள்ளேயிருந்து, "மாதேஸ்வரி யாரு? வாம்மா" என்று குரல் வந்தது. போனாள். கதவு மூடியது. புஷ்பலீலா உள்ளே இருக்கிறாள், அந்தத் தாள் விரியும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன், பரீட்சைக் கூடத்தில் இரண்டு பேனாவோடு நின்ற முகம்தான் வந்தது.

படியேறி வந்தபோது நாலு ஆகியிருந்தது. செண்பகவல்லி ஆபரேஷன் முடிந்த ஆளை அழைத்துவரத் தியேட்டருக்குப் போயிருந்தாள், நொண்டிக்கொண்டு போயிருப்பாள், இந்த மாதம் அவளுக்கு நாற்காலி இல்லை. அடுத்த மாதமும் இல்லை. டிசம்பரில் மாதேஸ்வரி. வரிசை அப்படித்தான் இருக்கிறது. டிசம்பரில் அந்த நாற்காலியில் அவளை உட்காரவைப்பேன், யார் கேட்டாலும் மாற்றமாட்டேன், அவளுக்கு அப்போது தூக்காத வேலை எதற்கு. ஒன்பதாம் படுக்கை எடைகள் முட்டிக்கொண்டன. நாலு மணித் திருப்பல். போய் நின்றேன். கொம்பையா என் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஒத்தைக்கா தாயி? ரெண்டாவது ஆளு வரட்டும்." கையைக் கழுவித் துடைத்தேன். "அந்தத் தருமபுரிப் புள்ளயும் அன்னைக்கு இப்படித்தான் ஒத்தைக்கு நின்னுச்சு. சிஸ்டர் வரட்டும் புள்ள, ரெண்டு நிமிஷம்னு சொல்லுதாகல்லான்னேன். எட்டி ஒங்களத்தான் பாத்துச்சு. அப்புறம் கையக் குடுத்துருச்சு. எங்க அது, ஆளையே காணும்?" கீழே இருக்கிறாள் என்றேன். குனிந்து ஒரு கையை அவர் இடுப்புக்கு அடியிலும் ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் கொடுத்தேன். வெதுவெதுப்பாக, ஈரமாக, அசையாமல் இருந்தது அந்த உடம்பு. மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினேன். அடிவயிற்றில் ஏதோ இறுகியது. எவ்வளவு கனம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.